கரையோர இளைஞர் மன்றங்கள்: கீழவைப்பாரை முன்னிட்டு ஓர் ஆய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றி, விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியை ஊடறுத்து, சாத்தூரைக் கடந்து, ஆண்டின் பெரும்பகுதி நீரைவிட மணலையே மிகுதியாகக் காட்டிக் கிடக்கும் வைப்பாறு, மன்னார் வளைகுடாவோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள மீனவர் ஊர் கீழவைப்பார். விளாத்திகுளம் வட்டத்தின் கடல்முகத்தில், தூத்துக்குடிக்கும் வேம்பாற்றுக்கும் இடையே அமைந்த இவ்வூர், முத்துக்குளித்துறையின் பழந்துறைகளாகிய வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலியவற்றோடு ஒருசேர எண்ணப்பட்ட வைப்பாற்றுத் துறையின் மரபைத் தாங்கி நிற்பது. எனினும் இக்கரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தூத்துக்குடியின் துறைமுகப் பெருமையிலேயே நின்றுவிட்டமையால், இத்தகைய சிற்றூர்களில் மக்கள் தமக்குள் எவ்வாறு கூடினார்கள், எதன்பொருட்டுக் கூடினார்கள், கூடிய கூட்டம் எவ்வளவு காலம் நிலைத்தது என்னும் கேள்விகள் கேட்கப்படாமலே போயின. அக்கேள்விகளுள் ஒன்றை மட்டும், அதாவது இளைஞர் மன்றம் என்னும் ஸ்தாபனத்தையும் அது செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் சமுதாய சேவையையும் பற்றிய கேள்வியை மட்டும், இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறேன்.

கடலோர ஊர் எதற்குள் நுழைந்தாலும் மன்றங்களின் பலகைகள் கண்ணில் படாமல் இரா. விளையாட்டுக் கழகம் ஒன்று, நடிகர் ஒருவர் பெயரால் நற்பணி மன்றம் ஒன்று, பங்குக்கோயிலைச் சார்ந்த இளைஞர் இயக்கம் ஒன்று, சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று நேரு யுவ கேந்திராவோடு இணைக்கப்பட்ட மன்றம் ஒன்று என்று இவை பல்கியிருக்கும். ஆனால் உள்ளே சென்று விசாரித்தால், அதே பத்துப் பன்னிரண்டு பேர்தாம் எல்லாப் பலகைகளின் கீழும் மாறிமாறி நிற்கிறார்கள் என்பது விளங்கும். திருவிழாக் காலத்தில் இவர்களே சப்பரம் தூக்குவார்கள்; பொங்கலன்று இவர்களே போட்டிகள் நடத்துவார்கள்; யாரேனும் நோயுற்றால் இரத்ததானத்துக்கு இவர்களே தூத்துக்குடிக்கு விரைவார்கள். இவ்வளவும் செய்கிற இளைஞர்களின் மன்றம், பெயர் எழுதிய வர்ணம் உதிர்வதற்கு முன்பே செயலற்றுப் போவது ஏன் என்று கேட்டால், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உத்ஸாகம் நீடிப்பதில்லை' என்னும் பதிலை மூத்தவர்கள் தயாராக வைத்திருக்கிறார்கள். இப்பதிலை நான் ஏற்பதற்கில்லை. உத்ஸாகம் எக்காலத்திலும் நீடித்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை. நீடித்த மன்றங்களையும் நீடிக்காதவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரிவது, தினந்தோறும் பேணியாக வேண்டிய பொதுப்பொருள் ஒன்றைத் தன் பொறுப்பில் வைத்திருந்த கூட்டமே தலைமுறை தாண்டி நின்றது என்பதாகும். நிகழ்ச்சிகளை மட்டும் நடத்திய கூட்டம், நிகழ்ச்சி முடிந்ததும் தானும் முடிந்தது.

இக்கரையின் பழைய தொழிலையே முதல் சான்றாகக் கொள்ளலாம். முத்துக்குளித்தல் தனிமனிதனின் சாகசமாகக் கதைகளில் வருணிக்கப்படுகிறதேயன்றி, உண்மையில் அது கண்டிப்பான கூட்டு ஒழுங்கினால் நடைபெற்ற தொழில். கடலடியிலிருந்த முத்துப்பார்களை அரசாங்கத்தார் முன்கூட்டிச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று கண்டு, இன்ன நாளில் குளிப்பு என்று அறிவித்தாலன்றி ஒருவரும் அங்கே மூழ்கலாகாது. சிப்பி முதிராத ஆண்டுகள் பல, குளிப்பே இன்றிக் கழிந்ததும் உண்டு. கனத்த கல்லின் துணைகொண்டு மூழ்குபவனுடைய உயிர், படகில் இருந்து கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. அக்கயிறு பிடிப்பவன் மைத்துனன் முறையுள்ளவனாக இருப்பதே உத்தமம், ஏனெனில் தன் சகோதரி தாலியைக் காக்கும் அக்கறை அவனுக்கு உண்டு என்று இக்கரையில் சொல்வது வழக்கம். 1955 தொடங்கி 1961 வரை ஆண்டுதோறும் நடந்த குளிப்புத்தான் தூத்துக்குடிக் கடலில் இறுதியாக நடந்தது. அதன்பின் பார்கள் விளையவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல், கீழவைப்பாருக்குத் தெற்கே இதே கரையில் உள்ள வேப்பலோடையில் பண்ணை அமைத்துச் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டினார்கள் என்றாலும், அது விஞ்ஞானத்தின் வெற்றியாக நின்றதேயன்றி ஊராரின் தொழிலாக ஆகவில்லை. பார் போனதோடு, பாரைக் காத்திருந்து பகிர்ந்துகொள்ளும் கூட்டு ஒழுங்குக்கும் வேலையில்லாமல் போயிற்று என்பதே நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி.

கூட்டுச் சேவை என்னும் கருத்தும் இக்கரைக்குப் புதியதன்று. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1600-இல் தாம் மறையும் வரையில் இங்கே உழைத்தவரும், 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' வாயிலாகத் தமிழ் அச்சு வரலாற்றில் இடம்பெற்றவருமான ஹென்றிக் ஹென்றிகஸ் பாதிரியார், புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவ இல்லம் ஏற்படுத்தினார். அதைப் பேணும் பொறுப்பில் கரையோர மக்களையே பங்காளிகளாக்கினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1833-இல், பாரிஸ் நகரத்தில் இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஓசனாம் தம் தோழர் சிலரோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, உலகெங்கும் பரவி, தமிழ்நாட்டுப் பங்குகளிலும் வேரூன்றியது. இச்சபை மாணவர் மன்றமாகப் பிறந்தது என்பதை, அது முதியோர் கைக்குப் போய்விட்டதால், இன்று பலரும் மறந்துவிட்டனர். அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றதற்குக் காரணம் மிக எளிது: இன்ன ஏழைக் குடும்பத்தை இன்னார் வாரந்தோறும் சென்று பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அதற்கு இருந்தது. ஒரு வாரம் போகாவிட்டால் ஒரு வீட்டில் ஓர் அம்மாள் காத்திருப்பாள். காத்திருக்கும் ஓர் ஆள் இருக்கும்வரை ஸ்தாபனம் எளிதில் சாவதில்லை. 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாக்கப்பட்டு, இந்நாட்டவரான பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் அதன் முதல் ஆயராக அமர்ந்த பிறகு, பங்கு அமைப்புகளின் நிர்வாகம் கரையின் மக்களுக்கு இன்னும் நெருக்கமாயிற்று; இன்றைக்குத் தெருவாரியாகக் கூடும் அன்பியங்கள்வரை இந்தச் சங்கிலி அறுபடவில்லை.

இதற்கு மாறாக, அரசாங்கம் மேலிருந்து கட்டிய சங்கிலியைப் பார்ப்போம். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி காந்தி ஜயந்தியன்று தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டம், கிராம சேவகர் என்னும் ஊழியரை நியமித்து, அவர் மூலமாக இளைஞர் மன்றங்களையும் மாதர் சங்கங்களையும் கிராமாந்தரங்களில் தோற்றுவித்தது. ஐந்தே ஆண்டுகளில், 1957-இல், பல்வந்தராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆராய்ந்து, மக்களின் சொந்த முயற்சியை இது தட்டி எழுப்பவில்லை என்று வெளிப்படையாகவே குறை கூறிற்று. அக்குழுவின் பரிந்துரையால் பஞ்சாயத்து ராஜ்யம் வந்தது. மன்றங்களோ கவனிப்பாரின்றிக் கிடந்தன. காந்தி நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. 1972 நவம்பர் 14-இல் கல்லூரிக்குப் போகாத கிராம இளைஞருக்கென நேரு யுவ கேந்திரங்கள் ஏற்பட்டன. 1987-இல் அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து நேரு யுவ கேந்திரா சங்காதன் என்ற தன்னாட்சி அமைப்பு நிறுவப்பட்டது. 2023 அக்டோபர் 31-இல் 'மேரா யுவ பாரத்' என்னும் புதிய அமைப்பு வந்தது. இப்போது மன்றத்தின் பெயரேடு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது.

இவ்வமைப்புகளின் நன்மைகளை மறுப்பது நன்றியில்லாமை. பந்தும் வலையும் வாங்க வழியற்ற ஊருக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தவை இவை. உள்நாட்டுக் கரிசல் ஊர்ப் பையனும் கடற்கரைப் பையனும் வட்டார அளவிலான ஒரே மைதானத்தில் சந்திப்பதற்கு வாய்ப்பு உண்டாக்கியவையும் இவையே. ஆனால் இவை சேவையை அளக்கும் கோலில்தான் ஒரு கோளாறு உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவத் தொண்டர் இரண்டாண்டில் 240 மணி நேரம் பணி செய்து, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்க வேண்டும். 2018-இல் தூய்மை பாரதக் கோடைக்காலப் பயிற்சி என்று ஒன்றை அறிவித்தபோது 100 மணி நேரம் என்றார்கள். மணியை எண்ணலாம், புகைப்படத்தை ஒட்டலாம், அறிக்கையை அனுப்பலாம். முகாமில் வெட்டிய வாய்க்கால் அடுத்த மழைக்குத் தூர்ந்துவிட்டதா என்று போய்ப் பார்க்கும் பத்தி அந்த அறிக்கையில் கிடையாது. செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையன்று உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாள் கொண்டாடப்படுகிறது. நம் கரையிலும் மாணவர்கள் கையுறை அணிந்து குப்பை பொறுக்குகிறார்கள். கிழிந்த நைலான் வலைத் துண்டுகளும் நெகிழிப் புட்டிகளும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. அந்த மூட்டைகளை யார் ஏற்றிச் செல்வது, எங்கே கொட்டுவது என்பது ஞாயிற்றுக்கிழமையின் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமைக்கோ திட்டத்தில் தலைப்பு இல்லை.

அமெரிக்க நாட்டின் கிராமப்புறங்களில் நூறாண்டுக்கு மேல் வேரூன்றி நிற்கும் நான்கு-எச் மன்றங்களின் சரித்திரம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஒஹாயோ மாநிலத்துக் கிளார்க் கவுண்டியில் பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த ஏ. பி. கிரகாம், 1902 ஜனவரியில் சில சிறுவர் சிறுமியரைக் கூட்டி, ஆளுக்கொரு சிறு வேலையை ஒப்படைத்தார்: ஒருவன் மக்காச்சோளப் பாத்தியை வளர்க்க வேண்டும், ஒருத்தி காய்கறித் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், வேறொருவன் தன் தந்தையின் நிலத்து மண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டும். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் நிறைவேறி, விவசாயக் கல்லூரிகளின் விரிவாக்கப் பணியோடு இம்மன்றங்கள் இணைக்கப்பட்டபோதும் அந்த முதல் விதி மாறவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவனுக்கும் ஆண்டு முழுதும் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தாக வேண்டும். நம் நாட்டுத் திட்டங்களை வகுத்தோர் 1950-களில் அமெரிக்காவைப் பார்த்து வந்தவர்கள்தாம். மன்றத்தின் பெயரையும் தலைவர் செயலாளர் பதவிகளையும் கொண்டுவந்தார்கள், பாத்தியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடல்தாண்டி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாக் நீரிணையின் அக்கரையிலேயே தமிழர் நடத்திய பரிசோதனை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1924-இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பு, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில், பூரண சுயராஜ்யம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி என்னும் பெரும் லட்சியங்களைப் பேசிற்று. 1931-இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த தசாப்தம் முடிவதற்குள் அதன் வேகம் அடங்கிவிட்டது. அதே குடாநாட்டில், சரித்திர நூல்களில் பெயர் பெறாத சனசமூக நிலையங்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. ஒரு சிறு கட்டடம், நாலைந்து பத்திரிகைகள், நீண்ட வாங்கு ஒன்று, சில இடங்களில் பாலர் வகுப்பு, பின்புறம் கைப்பந்து மைதானம். இவ்வளவே அவற்றின் சொத்து. காலையில் கதவைத் திறந்து பத்திரிகையை விரித்துவைக்கும் கடமை யாரோ ஓர் இளைஞனுடையது. போரிலும் இடப்பெயர்விலும் சிதறிய ஊர்கள் மீளக் குடியேறியபோது மக்கள் மறுபடி எழுப்பியவற்றுள் இந்நிலையங்களும் இருந்தன. லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் ஊர்ச் சங்கத்தார் இன்றைக்கும் பணம் அனுப்புவது பெரும்பாலும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்த வாசிகசாலைக்கும்தான். இலட்சியம் பெரிதாயிருந்த வாலிபர் காங்கிரஸைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அது விதைத்த கருத்துக்கள் அழியவில்லை. கருத்து வாழ்வது வேறு, கூட்டம் வாழ்வது வேறு.

தமிழகக் கரையிலிருந்து இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரியைச் சுற்றிய ஊர்களில் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தி, ஊர்த் தொண்டர்களைக் கொண்டே நடத்திவந்தது. கடலோர மையங்களில் அன்றாடம் அலையின் உயரத்தையும் காற்றின் போக்கையும் அறிந்து ஒலிபெருக்கியில் சொல்வது முக்கிய வேலை. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த ஒருவர், தொலைக்காட்சியில் இந்தோனேசியப் பேரழிவின் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின. அந்தக் காலைப்பொழுதில் அறிவிப்பாளரைத் தேடவோ, குரலை நம்பலாமா என்று யோசிக்கவோ அவசியம் நேரவில்லை. மீன்விலையும் அலைச்செய்தியும் தினம் சொன்ன குழாய் அது. இலங்கைத் தீவின் மறைவு காரணமாகத் தூத்துக்குடிக் கரை அன்று நாகப்பட்டினத்தைப் போன்ற சேதத்துக்கு ஆளாகாமல் தப்பியது. அதனாலேயே இத்தகைய ஏற்பாடு நமக்கு வேண்டும் என்னும் எண்ணமும் இங்கே அவ்வளவு ஆழமாகப் பதியவில்லை போலும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை அந்த அலட்சியத்துக்குப் பதில் சொல்லிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையூர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோயிற்று. கடலைத் தவிர வேறிடத்தில் ஓடியிராத படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்த மீனவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களை அனுப்பியது எந்த மன்றத்தின் தீர்மானமும் அன்று. ஒரு படகில் சேர்ந்து தொழில் செய்கிற நாலைந்து பேர் என்னும் அணியே ஆயத்தமாயிருந்த சேவைப்படை. இஞ்சினை இயக்குபவன் யார், முனையில் நின்று நீரோட்டம் பார்ப்பவன் யார், கயிறு வீசுபவன் யார் என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டிய தேவையே எழவில்லை. சேவைக்கென்று தனியாக ஓர் அமைப்பை உண்டாக்குவதைக் காட்டிலும், தொழிலால் ஏற்கெனவே கட்டுண்டிருக்கும் அணியைச் சேவைக்கும் பயன்படுத்திக்கொள்வதே இக்கரைக்கு இயல்பானது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

பெண்கள் விஷயத்தில் சான்று இன்னும் தெளிவு. 1950-களின் மாதர் சங்கங்கள் தையல் வகுப்போடு தேய்ந்துபோயின. 1989-இல் சர்வதேச வேளாண் அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, 1990-களின் இறுதியில் மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் விரிந்த சுய உதவிக் குழுக்களோ, எத்தனையோ பூசல்களுக்கும் கடன் தவணைத் தகராறுகளுக்கும் நடுவே இன்றும் வாழ்கின்றன. பன்னிரண்டு பேரும் இருபது பேருமாகச் சேர்த்த சேமிப்பு ஒரு பொதுப் பெட்டியில் இருப்பதே அதற்குக் காரணம். தன் பணம் அதில் கிடக்கும்போது கூட்டத்துக்கு வராமலிருக்க ஒருத்திக்கு மனம் வராது. ஆண்கள் இந்தப் பாடத்தைக் கற்றதாகத் தெரியவில்லை. நற்பணி மன்றங்களின் பொருளாதாரம் பெரும்பாலும் வசூலும் உடனடிச் செலவுமாக முடிந்துவிடும். மதுரையின் ரசிகர் மன்றங்களைப் பற்றி ஆராய்ந்து 1990-களின் தொடக்கத்தில் நூல் எழுதிய சாரா டிக்கி என்னும் மானிடவியலார், ஏழை இளைஞர்கள் செய்யும் சமூக சேவை அவர்களுக்கு ஊரில் ஒரு மதிப்பையும் தம்மைப் பற்றிய ஒரு கௌரவத்தையும் தேடித் தருவதைக் கவனித்திருக்கிறார். அந்த மதிப்பு ஏளனத்துக்குரியதன்று. அன்னதானமும் நோட்டுப் புத்தகமும் வழங்குகிறவன் வாங்குகிறவனைவிடச் சற்றே வசதி குறைந்தவனாகக்கூட இருப்பான். அவன் கொடுப்பதோ நடிகரின் பிறந்தநாளன்று. மறுநாள் முதல் மன்றத்துக்கு வேலையில்லை.

மன்றங்களின் எல்லைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் தீராது. ஊர் என்று நாம் இலேசாகச் சொல்வது இம்மாவட்டத்தில் பெரும்பாலும் ஒரு சாதியின் குடியிருப்பு. கடற்கரையில் பரதவர், கரிசலில் பலவகைக் குடியானவர், உப்பளத்தில் கூலிக்கு நிற்போர், ஒவ்வொரு தெருவுக்கும் தனி மன்றம், தனிக் கொடி, தனிப் பனியன் நிறம். இவை சிலபோது சேவைக்கு மட்டும் கூடுவதில்லை. 1995-இல் கொடியன்குளம் என்னும் ஊரில் போலீசார் நடத்திய தாக்குதலையும், அதற்கு முன்பின்னாகத் தென்மாவட்டங்களைக் குலுக்கிய சாதி மோதல்களையும் நினைவுகூர்பவர் எவரும், இளைஞர் ஒன்றுகூடுவதெல்லாம் நன்மைக்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. வட்டார அளவிலான கபடிப் போட்டி இந்த வேலிகளை ஒரு மாலைப்பொழுதுக்குத் தாழ்த்துகிறது. சில ஆண்டு அதே போட்டியே புது வழக்குக்கு வித்தாகவும் ஆகிவிடுகிறது. இரு ஊர்களுக்கும் பொதுவான பொருள் ஒன்று, ஆற்றுமுகமோ குடிநீர்க் குழாயோ பள்ளிப் பேருந்தோ, இரு மன்றங்களின் பொறுப்பில் இருந்தால் என்ன நேரும் என்பதைப் பரீட்சித்துப் பார்த்த திட்டம் எதையும் நான் அறியேன்.

வயதுக் கணக்கும் கடலோரத்துக்குப் பொருந்துவதாயில்லை. 2003-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வரை என்றது. 2014-ஆம் ஆண்டுக் கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கிற்று. கீழவைப்பார் போன்ற ஊரில் பதினெட்டு வயதானவன் கப்பல் வேலைக்கோ வளைகுடா நாட்டுக்கோ துறைமுகக் கம்பெனிக்கோ போகத் துடிப்பவன். ஊரில் தங்குகிறவன், சொந்தப் படகும் வலையும் பெற்று, நாலு பேர் மத்தியில் சொல் எடுபடும் நிலையை அடைவது முப்பதை நெருங்கும்போதுதான். எந்த வயதில் அவன் பொறுப்பேற்கத் தகுதி பெறுகிறானோ அந்த வயதில் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுகிறோம். நேரக் கணக்கும் அப்படியே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. காற்று முறுகிய நாட்களில் நாட்டுப்படகுகளும் கரையிலேயே கிடக்கும். இந்நாட்களையொட்டி முகாம் வைத்தால் இளைஞர் திரளுவர். முகாம்களோ நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில்தான் மழைபோல் பொழிகின்றன.

இனி, கீழவைப்பாரின் முன்னுள்ள பொதுப்பொருள் எது என்று கேட்டால், கண்ணெதிரே கிடக்கிறது. மண்டபம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாய் அமைந்த 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் சுமார் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. முன்னொரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததாலும், கடல்நீர் ஏறுவதாலும், தீவுகளின் கரைகள் அரிக்கப்பட்டு, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடித் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த காரியச்சல்லி 1969-இல் சுமார் 21 ஹெக்டேராக இருந்தது. 2024-இல் 3 ஹெக்டேர் அளவுக்கு இளைத்துவிட்டது. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தணித்த முறையையே இங்கும் கையாளத் தமிழக அரசு முற்பட்டிருக்கிறது. தீவு ஒன்று அழிந்தால் அதன் மறைவில் அமைதியுற்றிருக்கும் கரைக்கடலும், அந்த அமைதியில் வளரும் கடற்புல்லும், புல்லை நம்பிய நண்டும் மீனும், அவற்றை நம்பிய நாட்டுப்படகுக்காரனும் வரிசையாகப் பாதிக்கப்படுவார்கள் என்பதை மீனவ இளைஞனுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியின் துணையோடு, கரையோர ஊர்களில் கிராமக் குழுக்களை அமைத்து, சுழல்நிதியும் கொடுத்து, காவல் பணியிலும் உள்ளூராரைச் சேர்த்துக்கொண்டது. இக்கட்டுரையின் வாதத்துக்கு மிக அருகில் வரும் அரசாங்க முயற்சி இதுவே. ஆயினும் அக்குழுக்களின் கவனம் கடன் வழங்குவதிலும் திருப்பி வாங்குவதிலும் நாளடைவில் குவிந்துவிட்டது. கடலைக் கவனிப்பது அதிகாரிகளுடைய வேலையாகவே நின்றது. தீவில் கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் ஆற்றுமுகத்து மணல்திட்டு எந்த மாதத்தில் அடைபடுகிறது, எப்போது உடைகிறது, கரைக்கோடு கோயில் சுவரிலிருந்து எத்தனை அடி நகர்ந்திருக்கிறது, வலையில் ஏறும் கழிவு எவ்வளவு, கரையொதுங்கிய ஆமை எத்தனை என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துச் சிறுவன் தொடங்கி முப்பத்தைந்து வயதுப் படகுக்காரன் வரை முறைவைத்துச் செய்யக்கூடிய வேலை அது. விஞ்ஞானிகளுக்கு வேண்டியதும் தூத்துக்குடியின் ஆராய்ச்சி நிலையங்களுக்கு எட்டாததும் இத்தகைய தினசரிக் குறிப்பே. இதற்கு வேண்டுவன ஒரு பூட்டுள்ள அலமாரி, அளவுகோல் கற்கள் சில, மாதத்துக்கு இருமுறை தீவுப்பக்கம் போய்த் தூரத்தே நின்று பார்த்துவர ஒரு படகு, அந்தப் படகுக்கு டீசல். நேரு யுவ கேந்திராவின் செலவுத் தலைப்புகளில் விளையாட்டுச் சாமானுக்கு இடமுண்டு, விழாப் பந்தலுக்கு இடமுண்டு, சான்றிதழ் அச்சிடவும் இடமுண்டு. டீசலை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை இனிமேல்தான் யாரேனும் தீர்மானிக்க வேண்டும்.